எங்கள் வீட்டு மரபணுக்கள்

என் அம்மா இருதயமேரி, திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் தாவரவியல் நடத்தினாள். ஐம்பதாவது வயதில் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தாள். ஐம்பத்தேழில் இறந்தாள். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளை மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றுக்குக் கல்லறைக் கல்லில் இடம் இருக்கிறது.

அவள் எடுத்துக்கொண்ட பொருள், வெள்ளத்தில் மூழ்கிய நெல். சில ரகங்கள் தண்ணீருக்கு அடியில் வளர்வதை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். வெள்ளம் வடிந்ததும் மறுபடி வளரும். சும்மா இருக்கச் சொல்பவை சில மரபணுக்கள். ஒன்று இன்னொன்றை எழுப்பும், அது வேறொன்றை அடக்கும். யார் யாரை என்று கணினியில் ஒரு வலைப்பின்னலாக எழுதி ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அம்மாவின் வேலை. பதினான்கு மரபணுக்கள். விசைப்பலகையை ஷாக் அடிக்குமோ என்பதுபோல் ஒற்றை விரலால் தட்டுகிறவள், அதற்காகப் புரோகிராம் எழுதக் கற்றாள். நான் பெங்களூரில் அதையே எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். என்னிடம் கேட்கவில்லை. யூடியூபில் ஒரு பையன் நன்றாகச் சொல்லித் தருகிறான், அவன் எரிந்து விழுவதில்லை என்றாள்.

மரபணுக்களின் பெயர்கள் நீளமான எண்கள். அவை மனதில் நிற்காததால் வீட்டு மனிதர்களின் பெயர்களை வைத்துக்கொண்டாள். வளர்ச்சியைத் தூண்டும் மரபணுவுக்குத் தன் பெயர், மேரி. வளர்ச்சியை நிறுத்தும் மரபணுவுக்கு என் பெயர், பிரான்சி. பெரும்பாலும் வாய் திறக்காத ஒன்றுக்கு அப்பா ஆரோக்கியத்தின் பெயர். அதை அடக்கிவைக்கும் மரபணுவுக்கு அப்பாவின் அக்கா சகாயத்தின் பெயர்.

ஒரு வருடம் ஆய்வுக் குழுக் கூட்டத்துக்கு, பெயர்களை எண்களாக மாற்ற மறந்து, அப்படியே போய்விட்டாள். திரையில் எங்கள் குடும்பமே அம்புக்குறிகளோடு தொங்கியது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சகாயம் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று கேட்டார்.

"பாலக்கரைல இருக்காங்க சார்."

நெறியாளர் ரெங்கநாதன் சார் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். சிரிப்பதற்கும் முன் அனுமதி வாங்குகிறவர். அன்று மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் வெகுநேரம் குனிந்திருந்தாராம். செய்தி பாலக்கரைக்கும் எட்டியது. அத்தை கோபிக்கவில்லை. தன் பெயருக்கு எத்தனை அம்புக்குறி என்று விசாரித்தாள். மூன்று. பிரான்சிக்கு? ஐந்து. அதற்குத்தான் கோபித்தாள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அம்மாவின் கணினியில் மூழ்கிய நெல் சும்மா இருக்க மறுத்தது. வளர்ந்தது, நின்றது, வளர்ந்தது, நின்றது. எந்த நிலையிலிருந்து தொடங்கினாலும் ஓரிடத்தில் அடங்கவில்லை. அடங்காவிட்டால் ஆய்வேட்டில் எழுத ஒன்றுமில்லை. இரண்டு வருடம் இப்படிப் போனது. கடைசி நீட்டிப்பு மார்ச் முப்பத்தொன்றோடு முடியும். அதற்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து. நவம்பரில் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் ஒரு கெடு சொன்னார். அம்மா மார்ச்சைப் பற்றி மட்டுமே பேசினாள்.

பிப்ரவரியில் லீவு போட்டு வந்தேன். கீமோ முடிந்து படுத்திருந்தவள், முதல் தடவையாக லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். முப்பத்தொரு அம்புக்குறிகள். எழுப்பினால் கூட்டல், அடக்கினால் கழித்தல். ஒவ்வொன்றையும் அவள் ஆதாரம் காட்டிய கட்டுரையோடு ஒப்பிட்டேன். இருபத்திரண்டாவதில் நின்றேன். கட்டுரைப்படி பிரான்சி மேரியை அடக்க வேண்டும். அம்மா கூட்டல் போட்டிருந்தாள். மேரி பிரான்சியை அடக்கும் இடத்தில் மட்டும் கழித்தல் ஒழுங்காக இருந்தது. மகளை அடக்குவதாக எழுத அவளுக்குக் கை கூசவில்லை.

நான் எழுப்பினால் அவள் எழுவாள். எழுந்ததும் என்னை அடக்குவாள். நான் அடங்கியதும் அவளும் படுத்துவிடுவாள். அவள் படுத்ததும் நான் மறுபடி எழுவேன். இது எங்கே நிலைக்கும்?

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்படி நான் போட மாட்டேனே."

"போட்டிருக்கம்மா. ரெண்டு வருஷமா அப்படித்தான் இருக்கு."

"நீ எங்கடி என்னை நிறுத்தின?"

"இது நானில்லம்மா. நெல்லு."

எம்.எஸ்சி. முடித்ததும் அம்மாவுக்கு ஓர் ஆய்வு இடம் கிடைத்திருந்தது. நான் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு அதை விட்டுவிட்டாள். வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பழைய ஃபைலில் அவளுடைய விலகல் கடிதத்தைப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"மாத்தணும்னா நீயே மாத்து. என் கையால அதைப் போட மாட்டேன்."

மாற்றினேன். ஓடவிட்டேன். ஏழாவது சுற்றில் நெல் அடங்கியது. பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு தொடக்க நிலைகள் உண்டு. எதை எடுத்தாலும் முடிவு இரண்டே: ஒன்றில் வளர்கிறது, இன்னொன்றில் காத்திருக்கிறது. அம்மா வெகுநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு, இதைப் போன வருடமே பார்த்துச் சொல்வதற்கென்ன என்று என்னைத் திட்டினாள்.

மார்ச் இருபத்தெட்டில் அப்பாவும் நானும் ஆய்வேட்டைக் கொடுத்தோம். ரெங்கநாதன் சார் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஜூலையில் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வாங்கினார்.

அதற்கு யாரும் வரலாம். வந்தவர் யாரும் கேள்வி கேட்கலாம். வழக்கமாக எவரும் கேட்பதில்லை, பின்வரிசையின் கவனம் வடையில் இருக்கும். அம்மா உட்கார்ந்தபடியே இருபது நிமிடம் பேசினாள். தேர்வாளர் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். அவையில் யாருக்காவது ஐயம் உண்டா என்று ரெங்கநாதன் சார் சம்பிரதாயமாகக் கேட்டார்.

அப்பா எழுந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மைக்கை வாங்கி, அம்மாவிடம் முதல் தடவையாக மரியாதை கொடுத்துப் பேசினார்.

"தண்ணிக்குள்ள அந்தப் பயிர் எத்தனை நாளைக்குத் தாங்கும்ங்க?"

"ரெண்டு வாரம் தாங்கும்."

"அதுக்கு மேல?"

அம்மா தண்ணீர் குடித்தாள். "அது இந்த ஆய்வோட எல்லைக்குள்ள வரல. நீங்க உட்காருங்க."

அப்பா உட்காரவில்லை. தேர்வாளர் எழுந்து, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக வாசித்து முடிக்கும்வரை மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.