மேசைக்குப் பக்கத்தில் ஒரு படம்

வெளிநாடு போனவர்களின் வீடுகளில் சும்மா கிடக்கும் கட்டில், மேசை, அலுமாரிகளைக் கேட்டு வாங்கி, முன்னாள் போராளிகளின் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் நாலு பேரின் ஞாயிற்றுக்கிழமை வேலை. கொடுத்ததும் ஒரு படம் எடுப்பேன். தந்தவருக்கு அனுப்ப வேண்டுமே. சிரிக்கச் சொல்லியும் எடுத்திருக்கிறேன்.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. தாயும் மகளும்தான். இயக்கத்தில் இருந்தவ தாய். மகள் படிக்கவென்று ஒரு மேசை கேட்டிருந்தா. கரவெட்டியில் கிடைத்த தேக்கு மேசையை இறக்கி வைத்தோம். பிள்ளை உடனே புத்தகங்களை அடுக்கத் தொடங்கிவிட்டாள். நான் போனை எடுத்தேன்.

"தங்கச்சி, பிள்ளையோட மேசைக்குப் பக்கத்தில நில்லுங்கோ."

"படம் வேண்டாம் அண்ணை."

"மேசை தந்தவை கனடாவில இருந்து கேப்பினம். ஒண்டே ஒண்டு," என்று நான் விடவில்லை.

"ஆமியிட்டச் சரணடைஞ்ச அண்டைக்கும் உப்பிடித்தான். நம்பர் எழுதின மட்டையைக் கையில தந்து, நேரா நில் எண்டு எடுத்தவங்கள்," என்றா. குரலில் கோபமில்லை. பிறகு கையை நீட்டினா. "கட்டாயம் வேணுமெண்டால் நீங்கள் நில்லுங்கோ. நான் எடுக்கிறன்."

போனைக் கொடுத்தேன். மேசையில் கை வைத்தேன், பிறகு கையை எடுத்துக்கொண்டேன். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை. அழிக்கவுமில்லை. இப்போதும் சாமான் கொடுத்ததும் பழக்கத்தில் போனுக்குக் கை போனால், அதைத்தான் எடுத்துப் பார்ப்பேன். யாரோ தந்த மேசைக்குப் பக்கத்தில் தலை குனிந்தபடி ஒருவன் நிற்கிறான்.