பொட்டு வைத்த எஞ்சின்

கீரனூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த காலத்தில், என் பொறுப்பில் ஒரு ரயில்வே இருந்தது. மலைக்க வேண்டாம். எஞ்சின் என் இடுப்பு உயரம். தண்டவாளம் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட வேப்பமரத்தடிக்கே வந்து சேரும். ஊருக்கு நிஜ ரயில் வந்த புதிதில், ஓய்வு பெற்ற ரயில்வே ஃபிட்டர் ஒருவர் மாணவர்களைக் கொண்டே செய்தது. அவர் காலமான பிறகு, நீராவி பற்றிப் பாடம் நடத்துகிறவன் என்ற ஒரே தகுதியில் அது என் தலையில் விழுந்தது. காப்பிக்கு வெந்நீர் போட்டதைத் தவிர நீராவியோடு எனக்கு வேறு பழக்கம் கிடையாது.

யுத்தத்தின் நடுவில், பழைய இரும்பு சேகரிக்கும் அதிகாரி பள்ளி பள்ளியாக வருகிறார் என்று செய்தி வந்தது. பக்கத்துப் பள்ளியில் வெளிவாசல் கேட்டையே கழற்றிப் போய்விட்டாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வைக்கோல் போருக்குள் ஒளிக்கலாம். பள்ளியில் வைக்கோல் இல்லை.

பள்ளிக் காவல்காரர்தான் வழி சொன்னார்.

"பேசாம ஆயுத பூசையப் போட்டுருவோம், வாத்தியாரய்யா. பொட்டு வச்ச சாமான்ல எவன் கை வைப்பான்?"

"ஆனி மாசத்துலயா?"

"நீங்க பஞ்சாங்கம் பாத்துக்கிட்டு இருங்க. அவரு அங்கிட்டு எஞ்சினத் தூக்கிக்கிட்டுப் போகட்டும்."

முந்தின வாரம்தான் மூடநம்பிக்கையை வகுப்பில் ஒரு மணி நேரம் விளாசியிருந்தேன். அதிகாரி வரும் நாள் காலையில் அதே கையால் எஞ்சினுக்கும் இரண்டு பெட்டிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தேன்.

அதிகாரியோடு வந்த சேவகர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதிகாரி எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன சார், ஆயுத பூசைக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கே?"

"எஞ்சினுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துச்சுங்க. வேண்டுதல்" என்றார் காவல்காரர்.

அதிகாரி சிரிக்கவில்லை. "பூசை போட்டத நான் தொட மாட்டேன். எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார்.

"ஆனா தண்டவாளத்துக்குப் பொட்டக் காணமே?"

பொழுது சாய்வதற்குள் தண்டவாளம் முழுவதும் மாட்டுவண்டியில் ஏறிவிட்டது. கழற்றுவதற்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

எஞ்சின் மாலையோடு விஞ்ஞான அறைக்குள் போயிற்று. மைதானத்தில் தண்டவாளத்தைத் தாங்கிய மரக்கட்டைகள் மட்டும் ஃபிட்டர் பதித்த வளைவு மாறாமல் கிடந்தன. என்றைக்காவது இரும்பு கிடைத்தால் அதன் மேலேயே போட்டுவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்குள் விறகுக்குத் தட்டுப்பாடு என்று ஊரில் பேச்சு அடிபட்டது.

புரட்டாசியில் முறையான ஆயுத பூசை வந்தபோது, சந்தனக் கிண்ணத்தோடு மைதானத்தைச் சுற்றி, குனிந்து குனிந்து ஒவ்வொரு கட்டைக்கும் பொட்டு வைத்தேன். கடைசிக் கட்டைக்கு வந்ததும், நடுவில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.