கொடிக்கம்பத்தில் மீன் கூடை

1. நான் திறந்த கேட்

எண்ணூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் வாட்ச்மேனாக இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

லாக்டவுன் டிரில் என்றால் கொரோனா என்று நினைத்துவிடாதீர்கள். எங்களைச் சுற்றிலும் கம்பெனிகள். எங்காவது கேஸ் கசிந்தால் பிள்ளைகளை வகுப்பிலேயே வைத்து, ஜன்னலை மூடி, இடுக்கில் ஈரத்துணி அடைக்க வேண்டும். விடாமல் அடிக்கிற மணிதான் சிக்னல்.

முதல் டிரில்லில் பிள்ளைகள் தங்கம். ஒரு ஜன்னல் பாக்கியில்லை. சொதப்பியது நான்தான். மணி கேட்டுக் குப்பத்து அம்மாக்கள் ஓடிவந்தார்கள். முதலில் ஓடிவந்தவள் மீன் விற்கிற காசியம்மா. அவள் மகள் செல்விக்கு வீசிங் உண்டு. மதியம் சோற்றுத் தூக்கோடு வருகிற அம்மாக்களுக்குக் கேட்காமலே சின்ன கேட்டைத் திறந்துவிடுவது என் வழக்கம். அன்றும் கை தானாகத் திறந்தது. ஆளுக்கொரு பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

டிரில் பார்க்க வந்த சேஃப்டி ஆபீசர் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். "நிஜமா கேஸ் வந்திருந்தா, இத்தனை பேரையும் நீங்கதான் கேஸுக்குள்ள அனுப்பி வெச்சிருப்பீங்க."



2. கூண்டு

பெரிய டீச்சர் அம்மாக்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். ஆபீசர் சார்ட் காட்டி விளக்கி, நோட்டீஸ் கொடுத்தார். காசியம்மா எழுந்தாள்.

"இந்த நோட்டீஸ்ல நான் நெத்திலி மடிச்சுக் குடுப்பேன் சார், வேற இன்னாத்துக்கு ஆவும்? ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்திட்டா எங்கூட்டு ஆம்பள கடலாண்ட போறானா? அத்த மாதிரி இங்கயும் ஒண்ணு ஏத்து. நாங்க ஏன் வரப்போறோம்?"

மறுநாள் அவளே ஒரு பழைய மீன் கூடையைக் கொண்டுவந்து போட்டாள். சிவப்பு பெயின்ட் அடித்துக் கொடிக்கம்பத்துக் கயிற்றில் கட்டினேன். கூடை மேலே இருந்தால் யாரும் தெருமுனையைத் தாண்டக்கூடாது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கூடை இறங்கினால் வரலாம்.

எனக்கென்று தனியாக ஒரு ரூல் வைத்துக்கொண்டேன். மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிச் சாவியைப் பெரிய டீச்சரிடம் கொடுத்துவிடுவது. சத்துணவு ஆயா "பதறாத காரியம் சிதறாது" என்பார். வாஸ்தவம். ஆனால் மனசு இளகுகிறவன் கையில் சாவி இருக்கக்கூடாது. அடுத்தடுத்த டிரில் எல்லாம் அம்மாக்களையும் சேர்த்தே நடத்தினோம்.

3. நிஜமான நாள்

ஒரு காலை, இரண்டாவது பீரியட். மூக்கைத் துளைக்கிற நெடி, கண்ணில் தண்ணீர். மணி அடித்தது. பூட்டினேன், கூடையை ஏற்றினேன், சாவியைக் கொடுத்தேன், வாயில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு கேட் ரூமில் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்தேன்.

அம்மாக்கள் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டார்கள். காசியம்மா மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கே வந்துவிட்டாள்.

"நைனா, செல்விக்கு மூச்சு வாங்கும். தெற."

"சாவி எங்கிட்ட இல்லம்மா. செல்வி உள்ள கீறா. வீசிங் பம்ப் டீச்சராண்ட கீது."

கேட்டை இரண்டு தடவை உலுக்கினாள். பிறகு நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தாள். அவள் போட்ட கூடை. திரும்பி நடந்தாள். தெருமுனையில் நின்றவர்களிடம் அவள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது: "கூண்டு ஏத்திக்கீறாங்க, கண்ணு தெரில? வூட்டுக்குப் போய் கதவ சாத்துங்கடி."

நெடி அடங்கி, ஆபீசர் போனில் சொன்ன பிறகுதான் கூடையை இறக்கினேன். செல்வி தானாக நடந்து வந்தாள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. காசியம்மா மகளை அணைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். "அந்தக் கூடைய இனிமே நான் திருப்பிக் கேக்க மாட்டேன், நைனா. அது இங்கயே இருக்கட்டும்."

நான் கற்றது இதுதான். பிள்ளைகளை உள்ளே வைக்க ஒரு மணி போதும். வெளியே இருக்கிற தாயை நிறுத்த அவள் நம்புகிற அடையாளம் வேண்டும். அதை அவளிடமே கேட்டு வாங்குங்கள். நான் ரிட்டையர் ஆன பிறகும் அந்தக் கூடை அங்கேதான் இருக்கிறது. வருஷா வருஷம் அதற்குப் பெயின்ட் அடிப்பது இப்போது காசியம்மா.