அப்பா கொண்டுபோன வெற்றிக்கிண்ணங்கள்

வேசிலினும் உப்புத் தண்ணீரும் கலந்த ஒரு மணம்தான் எனக்கு அக்காவின் மணம். வெள்ளவத்தையில் ரயில் தண்டவாளத்தைக் கடந்தால் கடல். பாடசாலைக்குப் போகுமுன் அவள் கழுத்திலும் கக்கத்திலும் வேசிலினை அப்பிக்கொண்டு இறங்க, அவள் ஈரம் துடைக்கும் 'துவாயை'யும் அடையாள அட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு பத்து வயதான நான் கரையில் உட்கார்ந்திருப்பேன்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை கடலில் நீந்தும் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து முதலாவதாக வந்தவள் அக்கா. பேப்பரில் வந்த அவள் படத்தை, கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்த அப்பா வெட்டிப் 'பொக்கற்றில்' வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டித் திரிந்தார். அம்மாவுக்கோ பயம். யுத்த காலம். அக்காவுக்குக் கட்டை மயிர், அகன்ற தோள், அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

"மயிரை வளர் பிள்ளை. உன்ர தோளைக் கண்டாலே ஆமிக்காரன் இயக்கப் பெட்டை எண்டு நினைப்பான்."

"மயிர் வளந்தாத் தண்ணி இழுக்கும் அம்மா" என்று அக்கா சிரிப்பாள்.

அம்மா பயந்ததே நடந்தது. ஒரு காலை, ஈரம் சொட்டச் சொட்ட அவள் தண்டவாளத்தைக் கடந்தபோது இரண்டு பொலிஸ்காரர்கள் மறித்தார்கள். நான் நீட்டிய அட்டையைப் பார்த்தார்கள், அவள் தோளைப் பார்த்தார்கள், ஜீப்பில் ஏற்றினார்கள். வீடுவரை ஓடினேன், துவாயைக் கொடுக்காமல் வந்துவிட்டேனே என்ற பதைப்பு மட்டும்தான் அந்த ஓட்டத்தில் இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அப்பா அக்கா வென்ற கிண்ணங்களையும் பேப்பர் துண்டுகளையும் ஒரு 'சொப்பிங் பேக்'கில் அள்ளிப் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனார். மகள் நீச்சல் வீராங்கனை, வேறெதற்கும் கடலுக்குப் போகிறவளல்ல என்று கந்தோர் வேலையில் பழகிய தன் சிங்களத்தில் விளக்கினார். அதிகாரி ஒரு கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி மரியாதையாகத்தான் கேட்டார், நிற்காமல் எவ்வளவு தூரம் போவாள் என்று. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆறு மைல் போவா சேர். தனியாவே போவா. எந்தக் கடலுக்கும் பயமில்லை."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு, "இருட்டிலும் போவாவா?" என்றார்.

அப்போதுதான் அப்பாவுக்கு விளங்கியது. அதிகாரி இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

அக்காவை ஐந்து வாரம் வைத்திருந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று விட்டார்கள். உள்ளே என்ன நடந்ததென்று அவள் சொல்லவில்லை. நாங்கள் கேட்கத் துணியவுமில்லை. அவள் பிறகு கடலில் கால் நனைக்கவில்லை. கிண்ணங்களைத் திருப்பி எடுக்க யாரும் போகவில்லை. அப்பா சாகும்வரை அவள் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, அதைவிட அதிகமாக இரக்கம் வருகிறது.

இப்போது தண்டவாளத்தை ஒட்டி அகன்ற தெரு ஓடுகிறது. நாங்கள் இறங்கிய இடத்தை என்னால் அடையாளம் காட்ட முடியாது. அக்காவின் பெயரைச் சொன்னால் நினைவுகூர ஒருவரும் அங்கே இல்லை. அவள் கனடாவில் இருக்கிறாள். சென்ற வாரம் அவள் மகள் தொலைபேசியில் கதைத்தாள், நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம்.

"அம்மாவுக்கு நீந்தவே தெரியாதாம் சித்தி. உண்மையோ?"

பின்னால் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"ஓம் பிள்ளை" என்றேன். "அம்மாவுக்குத் தண்ணி எண்டாலே பயம்."