குடிக்காதவனின் கோட்டா

இந்த மலையில் மாதத்தின் முதல் வாரம் எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும். ஜீப் ஸ்டாண்டில் நிற்பவர்கள் ஸ்வெட்டருக்குள்ளிருந்து கையை எடுத்து வணக்கம் வைப்பார்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவர் எங்கள் சந்துக்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் விடுவார். கறிக்கடையில் “சாருக்கு நல்ல துண்டாப் போடு” என்று முன்பின் தெரியாத ஒருவர் எனக்காகப் பரிந்து பேசுவார். பத்துத் தேதி தாண்டினால் அத்தனை முகமும் மூடுபனிக்குள் போய்விடும். வந்த புதிதில், இங்குள்ள வெயிலைப் போல மனிதர்களும் வந்து வந்து போவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. ஒன்றாம் தேதி கேன்டீனில் முன்னாள் ராணுவத்தாருக்கான ரம் கோட்டா திறக்கும். நான் முன்னாள் ராணுவத்தான். அதோடு, குடிக்காதவன்.

தேரிக்காட்டுச் செம்மண்ணில் உட்கார்ந்து இதை வாசிக்கிற என் ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நம் ஊரில் குடிக்காதவன் என்றால் வேறு கதை. பதினேழு வயதில் குளத்தில் முங்கி ஞானஸ்நானம் எடுத்த அடுத்த மாதம், சித்தப்பா மகன் கல்யாணத்தில் என்னைப் பனைமரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஏல பாஸ்டரே, ஒரு மொடக்கு குடிச்சா பரலோகத்துக் கதவ சாத்திருவாவளோ?” என்று தலையில் கள்ளை ஊற்றினார்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். உலகம் போடுகிற வேஷத்தை நீ போடாதே என்று ஊழியக்காரர் சொன்னது அன்று எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது: வாயை மூடு, அவ்வளவுதான். இங்கே வெலிங்டனில் கடைசிப் போஸ்டிங் முடித்து, ஜெகதளா போகிற சாலையில் வாடகை வீடு பிடித்த இரண்டாம் நாள், பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் சிவராஜ் வந்து கோட்டாவைப் பற்றி மெல்ல விசாரித்தான். “நான் விசுவாசி, தொடுறதில்ல” என்றேன், ஏளனத்துக்குத் தயாராக. அவன் முகம் மலர்ந்தது. “அப்ப ரொம்ப நல்லதாப் போச்சுங்ண்ணா!”

அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஏற்கெனவே பழகியதுதான். பனிமலை முகாமில் ரம் வழங்கும் மாலைகளில் என் பங்கை அடுத்த கட்டில்காரனின் டம்ளரில் ஊற்றிவிடுவேன். ஒருவனும் என்னைக் கேலி செய்ததில்லை. என் அடுத்த கட்டிலுக்குப் போட்டியே நடக்கும். இங்கே அந்தக் கட்டில் சிவராஜுக்குக் கிடைத்தது. ஆனால் அவன் வெறுமனே வாங்கிக்கொள்கிறவன் அல்ல. காற்றில் பறந்த எங்கள் தகரக் கூரையை மழையோடு மழையாக ஏறி ஆணி அடித்தவன். என் மனைவி கிரேஸுக்கு நெஞ்சுச் சளி கட்டி மூச்சு முட்டியபோது, ஊட்டிக்குச் சவாரி வந்த டூரிஸ்ட்களை வழியில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். ஒன்றாம் தேதி காலையில் நகைக்கடை மஞ்சள் பை ஒன்று காலியாக எங்கள் கேட்டில் தொங்கும். மாலையில் அது கனத்துப் போய் அவன் ஜீப்பின் கண்ணாடியில் தொங்கும். ஒன்பது வருஷம் இப்படியே.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொன்னேன். இருபது வருஷம் ராணுவத்தில் இருந்தும் ஒரு சொட்டு தொடாமல் கர்த்தர் காத்தார் என்றேன். ஸ்தோத்திரம் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். கடைசி வரிசையில் சிவராஜின் மனைவி செல்வி இருந்தாள். அந்த மாதம்தான் சபைக்கு வர ஆரம்பித்திருந்தாள். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள். “ஒரு சொட்டும் தொடலீன்னு சொன்னீங்க, கேக்கவே சந்தோசமா இருந்துச்சுங்ண்ணா. அந்தப் பையிலருந்து எங்க ஊட்டுக்காரரு எத்தன சொட்டுத் தொட்டாருன்னு நான் சொல்லட்டுங்ளா? மொதத் தேதி ஆச்சுன்னா மூணு நாளு ஜீப்பு எடுக்கறதில்லீங்க. நாலு மணி வரைக்கும் கொழுந்து பறிச்சுப்போட்டு வந்து, அவரு வாந்தியக் கழுவறனுங்க.” கோபமே இல்லை குரலில். பறித்த தேயிலைக் கொழுந்தின் எடையைச் சொல்வது போலச் சொன்னாள். வீட்டுக்கு வந்து கிரேஸிடம் சொன்னேன். “பை காது அந்து போச்சுன்னு போன மாசம் தச்சுக் குடுத்தது நான்லா” என்றாள்.

அடுத்த மாதம் கோட்டாவை வாங்கவில்லை. இங்கே குடிக்காமல் இருந்தபோது காணாத எதிர்ப்பை, கொடுக்காமல் இருந்தபோது கண்டேன். தண்ணீர் கால் மணி குறைந்தது. ஸ்டாண்டில், “மிலிட்டரி இப்ப அவரே குடிக்க ஆரம்பிச்சுட்டாருங்கோ” என்று சிரித்தார்கள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பாட்டில் வாங்கிப் பழகிய அண்ணன் போனில், “இனி வெறுங்கையோடதான் வருவியோல?” என்றான். சபை மூப்பர்கூட என்னைத் தனியே அழைத்து, ஜெப வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிற அன்று ஆட்கள் பாட்டில் கேட்பார்களே என்றார். “நாம குடிக்கவா போறோம், பிரதர்?” அந்த வாக்கியத்தை எங்கோ கேட்டது போலிருந்தது. ஒன்பது வருஷமாக எனக்குள் நானே சொல்லிக்கொண்டதுதான்.

இதுவரை எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. அப்போதுதான் சிவராஜின் மகளுக்கு நிச்சயதார்த்தம் குறித்தார்கள். அடுப்படிக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது சிவராஜ் அல்ல, செல்வி.

“இந்த ஒருவாட்டி மட்டும் வாங்கிக் குடுத்துருங்ண்ணா. கூடலூர்லருந்து மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பத்துப் பேரு வர்றாங்க. பக்கத்து ஊட்டு அண்ணன் மிலிட்டரின்னு இவரு வாய உட்டுப்போட்டாரு. இல்லீன்னா அசிங்கமாப் போயிருமுங்க.”

“நீதானம்மா அன்னைக்கு…”

“அன்னைக்குச் சொன்னதும் நெசந்தானுங்க. இன்னைக்குக் கேக்கறதும் நெசந்தானுங்க.”

ஜெபம் பண்ணிச் சொல்கிறேன் என்றேன். எங்களைப் போன்றவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் அது. “ஜெபம் எதுக்குங்ண்ணா? கேன்டீன் கார்டு உங்க சட்டப் பையிலதான இருக்குது” என்றாள்.

மறுநாள் கேன்டீன் வரிசையில் நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள். ஒரு பெண் பிள்ளையின் காரியம். கூரை மேல் மழையில் நனைந்த ஒருவனின் முகம். இதில் எது உலகம், எது அயலானை நேசிப்பது? அன்று ஊரில் கள்ளை ஊற்றிய கைகள் எல்லாம் என் எதிரில் நின்றன. இந்தக் கைகள் என் தோள் மேல் இருந்தன. என் முறை வந்தபோது இரண்டு சோப்பும் ஒரு டீ வடிகட்டியும் கேட்டேன். திரும்பி வருகிற வழியில் சிவராஜ் ஜீப்பை நிறுத்தினான். என் கையிலிருந்ததைப் பார்த்தான். “மத்தவனுக்கு இல்லீன்னு சொல்லுங்க. நானுமாங்ண்ணா மத்தவன்?” முடியாது சிவா என்றேன். அவன் ஏறிக்கொள்ளச் சொல்லவில்லை. நடந்தேன்.

நிச்சயதார்த்தத்துக்குப் போனோம். வாசலில் நின்றிருந்த சிவராஜ், “வாங்க சார்” என்றான். ஒன்பது வருஷத்தில் முதல் சார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கவில்லை. பெண் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய வேறு சரக்கு ஜீப்புக்குப் பின்னால் பேப்பர் கப்புகளில் சுற்றியது. என் மறுப்பால் ஒரு கப்கூடக் குறையவில்லை. நான் வென்ற உலகம் எது என்று சுக்குக்காப்பியை ஆறவிட்டுக்கொண்டு யோசித்தேன். உள்ளே பெண்கள் கூட்டம், பின்னால் ஆண்கள் கூட்டம். இரண்டிலிருந்தும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நாலு நாள் கழித்து, காலையில் எங்கள் கேட்டில் மஞ்சள் பை தொங்கியது. பிரித்துப் பார்த்தால் நாலு லட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம். செல்விதான் வைத்திருக்க வேண்டும். பையை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று கிரேஸ் அலமாரியைத் துழாவி, அவள் அண்ணன் ஊரிலிருந்து அனுப்பியிருந்த கருப்பட்டியில் கடைசி இரண்டு வட்டை உள்ளே வைத்தாள். அவள் தைத்த காதைப் பிடித்துத் தூக்கினேன். பாட்டில்கள் இருந்த நாட்களின் ஏறக்குறைய அதே கனம்.

எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே பதினொரு படி. ஏழாம் படியில் ஏறும்போது, மேலே ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த சிவராஜ் நிமிர்ந்தான். என்னைப் பார்க்கவில்லை, பையின் வீக்கத்தைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி, பழைய முகத்தோடு சிரித்தான்.

“வாங்ண்ணா… வாங்க, வாங்க.”

மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல், தேரிக்காட்டுக் கருப்பட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழாம் படியில் நின்றேன்.