வெளுக்கப்போகும் குட்டி

கும்மிடிப்பூண்டி பக்கத்து ஆரணி வட்டாரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் மொஹசினின் வெள்ளைக் குதிரைதான். அப்துல் வாஹித்திடமும் ஒரு குதிரை இருந்தது, ஆனால் பழுப்பு. வெள்ளை கிடைக்காத நாளில்தான் அவனைத் தேடி ஆள் வரும். "இன்னா பண்றது பாய், இதையே இட்டுக்கினு வாங்க" என்று கல்யாண வீட்டார் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் வாஹித்துக்கு வயிறு எரியும். மொஹசின், வாஹித்தின் மனைவி சாயிரா பானுவின் அண்ணன். அதனால் எரிச்சலை வெளியே காட்டவும் வழியில்லை.

2009இல் இரண்டு பேர் வீட்டிலும் குட்டி பிறந்தது. இரண்டுக்கும் தகப்பன் மொஹசினின் வெள்ளைக் குதிரைதான். தாய்கள் பழுப்பு; குட்டிகளும் பழுப்பாகவே பிறந்தன. வெள்ளையாகப்போகிற குட்டியும் வளர வளரத்தான் நரைத்து வெளுக்கும். தகப்பனின் அந்த மரபணு எந்தக் குட்டிக்கு வந்திருக்கிறது என்று முடியைச் சோதித்தே சொல்லிவிடலாம் என்றார் கால்நடை டாக்டர் கிரேஸ். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குத் தானே அனுப்புவதாகவும் சொன்னார்.

மொஹசின் வீட்டு வாசலில் இரண்டு குட்டிகளின் பிடரியிலிருந்தும் வேரோடு முடி பிடுங்கி, தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதினார் டாக்டர். அவர் கை கழுவப் போக, மொஹசின் தண்ணீர் ஊற்றக் கூடவே போனான். வாஹித் மட்டும் நின்றான். எந்த நல்லதும் மொஹசின் பக்கம்தான் சாயும், இதுவும் அவனுக்கே என்று மனம் அடித்துச் சொன்னது. ஒரு தடவையாவது அவன் முகம் வாடட்டுமே! இரண்டு கவரிலும் இருந்த முடியை மாற்றிப் போட்டுவிட்டான்.

முடிவு வந்தது. டாக்டர் படித்துச் சொன்னார்: மொஹசினின் குட்டி வெளுக்கும், வாஹித்தின் குட்டி பழுப்புதான்.

வாஹித் தான் முடியை மாற்றியதை மனதுக்குள் கணக்குப் போட்டான். அப்படியென்றால் உண்மையில் வெளுக்கப்போவது தன் குட்டி! ஊரெல்லாம் மொஹசினின் அதிர்ஷ்டத்தையே பேசியது. பேசட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே மொஹசின் தன் குட்டியை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"மாப்ளே, இத நீ வச்சுக்க. என்னாண்டதான் ஒரு வெள்ள இருக்குதே. உன் குட்டிய எனக்குக் குடு. என் தங்கச்சி ஊடும் நல்லாருக்கணும்ல?"

"வாணாம் மச்சான்..."

சாயிரா பானு குறுக்கே வந்தாள். "இன்னாங்க நீங்க! அண்ணன் ஆசையா இட்டுக்கினு வந்து குடுக்குது, வாணாங்குறீங்களே!"

முடியை மாற்றியதைச் சொல்லாமல் மறுக்க வாஹித்துக்கு வழியில்லை. தன் குட்டி மொஹசினின் பின்னால் துள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தபடி நின்றான்.

அடுத்த வருஷம் மொஹசினிடம் போன அந்தக் குட்டிக்குக் கண்ணோரம் நரை கண்டது. பிறகு முகம் வெளுத்தது. மொஹசின் அதை ஓட்டிக்கொண்டு மறுபடி வந்தான்.

"கவரு எங்கியோ மாறிப்போச்சு போல மாப்ளே. உன் குதிரைய நீயே வச்சுக்க."

அவன் குரலில் துளி வருத்தம் இல்லை. அதுதான் வாஹித்துக்குத் தாங்கவில்லை.

"தானா மாறல! நான்தான் மாத்துனேன்! எப்பப் பாத்தாலும் நீயே நல்லவனா இருக்கணுமா மச்சான்? எனக்கு வவுறு எரியுது!"

மொஹசின் கயிற்றைச் சுருட்டிப் பிடித்து, குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த சாயிரா பானு, செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணன் பின்னாலேயே நடந்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பினாள்.

பெருநாளைக்கு மொஹசின் இப்போதும் வருகிறான். தங்கையிடம் பேசுகிறான், வாஹித்துக்கு ஒரு ஸலாம், அதோடு சரி. கும்மிடிப்பூண்டி கம்பெனிக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் அந்தப் புது வெள்ளைதான் போகிறது. அது தெருவைக் கடக்கும்போது வாஹித் கதவைச் சாத்திக்கொள்கிறான்.