பதினோராம் எண் மனையில் தேர்

நடந்தது இவ்வளவுதான்:

1. காஜா பேராங்கில் ரம்புத்தான் தோப்பை வெட்டி வீடுகள் கட்ட பிளான் போட்டார்கள்.
2. பிளானில் இரண்டு சந்துகள் எதிரெதிரே வந்து முட்டி நின்றன.
3. அவற்றுக்கு நடுவே இருந்த பதினோராம் எண் மனை, குலுக்கலில் அப்பாவுக்கு விழுந்தது.
4. அந்த மனையின் மேல் நான் ரோடு வரைந்தேன்.

இன்று காலை அலுவலகத்தில் பிளான்களுக்குப் பிரதி எடுக்கும் அறையைத் தாண்டும்போது அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. உடனே மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் அடைந்ததற்கு, அடுத்த வருடம் கண்முன் வந்து நின்றது. அப்போதுதான் தொழில்நுட்பப் படிப்பை முடித்து, பிளான் வரையும் வேலையில் சேர்ந்திருந்தேன். என் பென்சில் முனையைவிடக் கூரானது உலகத்தில் இல்லை என்று நம்பிய காலம். எதற்கும் பட்டியல் போடுவேன், அப்பாவின் சட்டைகளுக்குக்கூட. நீங்கள் சிரிப்பது தெரிகிறது.

பிரதி எடுக்கும் தேவி என் வயதுக்காரி. பழைய தமிழ் வணிகர் வழிவந்தவர்கள் வாழும் கம்போங் செட்டியில் பிறந்தவள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். நெடி போகாத பிளானை விரித்துப் பார்த்தவள், இதில் அம்மன் தேர் எப்படிப் போகும் என்று கேட்டுச் சிரித்தாள்.

"சாமி தாக் போலே உண்டுர், லா!"

சாமி பின்னால் நகரக் கூடாது. தோப்புக்குள் ஓடிய மண்பாதை வழியாகத்தான் வருடா வருடம் தேர் சுற்றி வரும்; போன வழியே திரும்பாது. முட்டுச்சந்தில் நுழைந்தால் அவ்வளவுதான். தேர் மட்டுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்காரரின் சைக்கிள், எல்லாம் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

மேலதிகாரியிடம் போனேன். மனைக்காரர் விட்டுக்கொடுத்தால் ரோடு போடலாம், பதிலுக்கு ஊரின் ஓரத்தில் லாலாங் புல் நடுவே வேறு மனை தரலாம் என்றார். மனைக்காரர் அன்று மாலை ஜாலான் பெண்டஹாரா துணிக்கடையில் வேலை முடிந்து வந்து சோற்றில் கைவைத்தார். தேவி கேட்டதையும் மேலதிகாரி சொன்னதையும் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் ரோடு போடுற. பெத்த அப்பனுக்கு மட்டும் காடா?"

"முட்டுச்சந்துல வீடு கட்டுனா தேர் எப்பவுமே வராதுப்பா."

"உன்னைப் படிக்க வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட வைக்கவில்லை. அப்புறம் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"தேர் அந்த எடத்துல நிக்குமா?"

"நிக்கச் சொல்றேன்."

"மொதத் தேங்கா நான்தான் ஒடைப்பேன். அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிடு."

ரோடு வந்தது. தேரும் வந்தது. எங்கள் கூடம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்றது. அப்பா தேங்காயை ஓங்கி அடித்தார், சரிபாதியாகப் பிளந்தது. கூட்டத்திலிருந்து தேவி, "மஜூ! மஜூ!" என்று கத்த, தேர் முன்னால் நகர்ந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் அளவு நாடா கொண்டுபோயிருந்தேன். அதை எடுக்கவே தேவைப்படவில்லை.

தோப்பு இப்போது இல்லை. சாக்கடை மேல் போட்டிருந்த தென்னம்பலகை இல்லை. காலடியில் நசுங்கும் ரம்புத்தான் தோலும் இல்லை. லாலாங் புல்லும் போய், எங்கள் வீட்டைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன. அப்பா தினமும் பதினோராம் எண் மனை வழியாகச் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். அந்த இடம் வந்ததும், எதிரே யாரும் இல்லாவிட்டாலும், மணி அடிக்கிறார்.

சந்து திறந்திருக்கிறது.